கீழ் வரிசையில் ஒரு பெயர்

டோர்ட்முண்டில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே வசித்த மூதாட்டியை எங்கள் பிள்ளைகள் ஓமா என்றுதான் அழைப்பார்கள். ஜேர்மன் மொழியில் பாட்டி என்று பொருள். நாளடைவில் நானும் மனைவியும் அப்படியே அழைக்கப் பழகிவிட்டோம். 2019இல் கோடை முடிகிற நேரம், ஒருநாள் மாலை, பழைய பிஸ்கட் தகரப்பெட்டி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். அப்போது அவருக்கு வயது 86. பெட்டிக்குள் ஒரு புகைப்படமும் ஒரு தபாலட்டையும் இருந்தன.

படத்தில் இராணுவச் சீருடையில் ஒரு பையன். தொப்பி தலைக்குச் சற்றுப் பெரிது. காதுகள்தாம் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன. தபாலட்டை 1914 ஒக்டோபரில் பென்சிலால் எழுதப்பட்டது. குளிர் தொடங்கிவிட்டது, கம்பளிக் காலுறை அனுப்புங்கள், தம்பி ஒழுங்காகப் படிக்கிறானா என்று கேட்டிருந்தான். அந்தத் தம்பிதான் ஓமாவின் அப்பா. ஆக, படத்தில் இருந்தவன் நம் முறையில் சொன்னால் ஓமாவுக்குப் பெரியப்பா. பெயர் கார்ல். இறக்கும்போது வயது 19.

“பெல்ஜியத்தில், லாங்கமார்க் பக்கம் என்று மட்டும்தான் வீட்டில் தெரியும். அப்பா கடைசிவரை அங்கே போகவில்லை. போகலாம் என்று சொல்வார், பிறகு வேறு பேச்சுக்கு மாறிவிடுவார். நான் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். மகள் மூனிச்சில் இருக்கிறாள், அவளுக்கு லீவு கிடைப்பதில்லை. நீங்கள் கார் ஓட்டுவீர்களா? பெட்ரோல் காசு நான் தருகிறேன்.”

உடனே சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அன்று ஓமாவிடம் சொல்லவில்லை.

இப்படி ஒரு பயணம் வீட்டுக் கதிரையில்தான் தொடங்குகிறது. வெளிநாடுகளில் கிடக்கும் ஜேர்மன் போர்க் கல்லறைகளைப் பராமரிப்பது ஃபோல்க்ஸ்புண்ட் என்ற அமைப்பு. முதலாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இன்று 46 நாடுகளில் 830க்கும் மேற்பட்ட மயானங்களை அது பார்த்துக்கொள்கிறது. அதன் இணையத்தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடலாம், காசு கேட்பதில்லை. நான் முதல் நாள் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. ஓமா ஏமாந்துவிடுவாரே என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது.

பிழை எழுத்தில் இருந்தது. கார்ல் என்ற பெயரை இப்போது ‘கே’ எழுத்தில் தொடங்கி எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் பலர் ‘சீ’யில் தொடங்கி எழுதினார்கள். குடும்பப் பெயரிலோ மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்து ஒன்று இருந்தது. பழைய பட்டியலில் அந்தப் புள்ளிகளுக்குப் பதிலாகப் பக்கத்தில் ‘ஈ’ சேர்த்து எழுதியிருந்தார்கள். இரண்டையும் மாற்றிப் போட்டதும் ஒரே பெயரில் ஐந்து பேர் வந்து நின்றார்கள். முதலாம் போரில் இறந்தவர்கள் பலருக்குப் பதிவில் பிறந்த திகதி இருப்பதில்லை. இறந்த திகதியையும் படைப்பதவியையும் வைத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும். தபாலட்டையின் மூலையில் படைப்பிரிவின் எண் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. தேடத் தொடங்குமுன் வீட்டில் இருக்கிற கடிதம், அட்டை, தேவாலயப் பதிவு எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்துவிட்டுத் தேடுங்கள். என் தவறு, பெட்டியில் இருந்த அட்டையைக் கடைசியில் திருப்பிப் பார்த்தது.

பதிவில் இருந்த கடைசி வரி ஓமாவைச் சற்று உலுக்கியது. கார்லுக்குத் தனிக் கல்லறை இல்லை. லாங்கமார்க் மயானத்தின் பொதுக் குழியில், தோழர்களின் கல்லறை என்று அவர்கள் சொல்கிற இடத்தில் இருக்கிறார். “அப்படியானால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லையா?” என்று கேட்டார். அந்தக் குழியைச் சுற்றி வெண்கலத் தகடுகளில் பெயர்கள் இருப்பதை வாசித்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், “பெயர் இருந்தால் போதும்” என்றார்.

எங்கே போகிறாய் என்று கேட்ட நண்பர் ஒருவர், “நாசிகளின் சுடுகாட்டுக்கா?” என்றார். நம்மவர்களில் பலருக்கு ஜேர்மன் படைவீரன் என்றாலே ஹிட்லரின் ஆள்தான். லாங்கமார்க்கில் கிடப்பவர்கள் அதற்கு ஒரு தலைமுறை முந்தியவர்கள். 1914க்கும் 1918க்கும் இடையில் இறந்தவர்கள். ஆனாலும் அந்தக் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அந்த மயானத்துக்கும் ஹிட்லருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, விடியுமுன் புறப்பட்டோம். டோர்ட்முண்டிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர். வயதானவர்களை அழைத்துப்போகிறவர்கள் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்க வேண்டாம். நாங்கள் லாங்கமார்க்குக்குப் பக்கத்தில் உள்ள ஈப்பர் நகரில் இரண்டு இரவு தங்கினோம். அது சரியான முடிவு என்று அங்கே போன பிறகு தெரிந்தது. லாங்கமார்க்கைப் பார்த்துவிட்டு அன்றே நான்கு மணிநேரம் காரில் உட்கார்ந்திருக்க ஓமாவால் முடிந்திராது.

ஈப்பரிலிருந்து வடக்கே போகிற பாதை தட்டையான வயல்களுக்கு நடுவே போகிறது. கிழங்கு, சோளத் தாள், மாட்டுக் கொட்டில். இந்த வயல்களில்தான் 1915 ஏப்ரல் 22ஆம் திகதி ஜேர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. உழும்போது இன்றும் வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை வீதியோரத்தில் எடுத்து வைப்பார்கள், படையினர் வந்து கொண்டுபோய்ச் செயலிழக்கச் செய்வார்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் நினைவுப்பொருள் என்று எடுத்துவிடாதீர்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதைக் காரை விட்டு இறங்குமுன்பே சொல்லிவிடுங்கள். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

லாங்கமார்க் மயானத்தின் வாசல் சிவப்பு மணற்கல்லால் கட்டிய பதிவான கட்டடம். உள்ளே நுழைகிற இடம் ஒடுக்கம். ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்த இருட்டான வழிக்கு அப்பால் வெளிச்சமும் புல்வெளியும் தெரிகின்றன. அங்கே, தூரத்தில், நாலு பேர் தலைகுனிந்து நிற்கிறார்கள். “நமக்கு முன்பே யாரோ வந்திருக்கிறார்கள், அவர்கள் முடித்துவிட்டு வரட்டும்” என்று ஓமா என் கையைப் பிடித்து நிறுத்தினார். நானும் நின்றேன். பிறகுதான் அவர்கள் அசையவில்லை என்பது உறைத்தது. எமில் கிரீகர் என்ற சிற்பி 1956இல் செய்த வெண்கல உருவங்கள் அவை. துக்கம் காக்கும் நான்கு படைவீரர்கள். வாசலிலிருந்து பார்க்கும்போது மனிதர்கள் என்றே தோன்றுகிறார்கள்.

அவர்களுக்கும் வாசலுக்கும் இடையில்தான் அந்தப் பொதுக் குழி. ஒரு வீட்டு வளவு அளவுதான் இருக்கும். அதற்குள் ஏறத்தாழ 25,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒரு ஊரையே எழுப்பி அந்தச் சதுரத்துக்குள் படுக்கவைத்தது போல. மயானம் முழுவதிலும் 44,000க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். ஆனால் பரப்பு அவ்வளவு பெரிதல்ல. 1954இல் பெல்ஜியமும் ஜேர்மனியும் செய்துகொண்ட உடன்பாட்டின் பிறகு, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி எங்கும் சிதறிக் கிடந்த சிறு மயானங்களைக் கிளறி, எலும்புகளை எடுத்து, லாங்கமார்க், விலாட்ஸ்லோ, மெனென், ஹோக்லேட என்ற நான்கு இடங்களில் சேர்த்தார்கள். தோற்ற நாடு, இரண்டு தடவை படையெடுத்து வந்து அழித்த நாடு. அதற்கு அதிக நிலம் கேட்கும் முகம் இருக்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். வெள்ளைக் கல் நட்டு, கல்லுக்குக் கல் பூச்செடி வைத்த பிரித்தானிய மயானங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் முகத்தில் அறையும். இங்கே பூப்பாத்தி இல்லை. ஓக் மரங்கள், புல், தரையோடு தரையாகப் பதித்த கற்கள், இடையிடையே மூன்று மூன்றாகக் குட்டையான கருங்கல் சிலுவைகள். ஒரு கல்லில் பல பெயர்கள். சில கற்களில் பெயருக்குப் பதிலாக எண்ணிக்கை மட்டும்: இன்னார் என்று தெரியாத இத்தனை பேர்.

குழியின் தரையில் ஒரு வாசகம் இருக்கிறது. ஏசாயா ஆகமத்திலிருந்து எடுத்தது. ஓமா ஜேர்மனில் வாசித்துக் காட்டியபோது, பள்ளிக்கூடத்தில் கேட்ட தமிழ் வேதாகம வரி எனக்கு ஞாபகம் வந்தது: “உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்.”

பெயர் தேடும் வேலையைத் தொடங்கினோம். குழியைச் சுற்றி நிற்கும் வெண்கலத் தகடுகளில் 17,000க்கும் அதிகமான பெயர்கள் அகரவரிசையில் இருக்கின்றன. குழிக்குள் கிடக்கும் மற்றவர்களுக்குப் பெயரில்லை. எழுத்து பொடி. அதுவும் வெண்கலம் கறுத்துப்போயிருக்கிறது. மழைநாளில் எழுத்தும் தகடும் ஒரே நிறமாகிவிடுகின்றன. கைபேசி விளக்கை நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தகட்டை ஒட்டினாற்போல் பக்கவாட்டிலிருந்து பிடித்தால் எழுத்தின் நிழல் விழுந்து வாசிக்க முடிகிறது. இதை எனக்குக் காட்டித்தந்தவன் அங்கே வந்திருந்த ஆங்கிலேயப் பள்ளி மாணவன் ஒருவன். அந்தப் பிள்ளைகள் கொண்டுவந்த சின்ன மரச் சிலுவைகளை, நடுவில் சிவப்புப் பொப்பி மலர் ஒட்டியவை, குழியின் ஓரத்தில் குத்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய முப்பாட்டன்மாரைச் சுட்டவர்களுக்கு. கைதிகளாக இறந்த இரண்டு பிரித்தானியப் படையினரும் இந்தக் குழிக்குள் இருக்கிறார்கள் என்று அவர்களின் ஆசிரியை சொன்னார்.

முக்கால் மணிநேரம் ஆயிற்று. கடைசியில் ஓமாவே கண்டுபிடித்தார். தகட்டின் அடிப்பகுதியில், நிலத்திலிருந்து முழங்கால் உயரத்தில் இருந்தது பெயர். அவரால் குந்த முடியாது. காரில் இருந்த மடக்குக் கதிரையை ஓடிப்போய் எடுத்துவந்தேன். புறப்படுமுன் அதைக் காரில் எடுத்துப் போட்டவள் என் மனைவி, அவளுக்கு நன்றி. உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, ஆட்காட்டி விரலை எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக வைத்து நகர்த்தினார். முதலெழுத்து ‘சீ’. இரண்டு புள்ளி இல்லை. “அப்பா வந்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டார். கண்ணாடி இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது” என்றார். பிறகு அழுதார். 105 ஆண்டுகளில் அந்த வீட்டிலிருந்து அந்தப் பெயரைத் தொட்ட முதல் விரல் அது.

நான் மெல்லிய வெள்ளைத் தாளும் மெழுகுப் பென்சிலும் கொண்டுபோயிருந்தேன். தாளைப் பெயரின் மேல் வைத்து, ஒருவர் இறுக்கிப் பிடிக்க, மற்றவர் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தால் எழுத்து தாளில் படிந்துவிடும். தாள் நனையாமல் இருக்கக் குடை பிடிக்க மூன்றாவது ஆள் தேவை. ஆங்கிலேயப் பையன் பிடித்தான். மூன்று தாள் கொண்டுபோனதில் இரண்டு கிழிந்து, மூன்றாவதுதான் சரியாக வந்தது. ஐந்தாறு தாளாவது எடுத்துப் போங்கள். கல்லையோ தகட்டையோ சுத்தம் செய்யக் கம்பித் தூரிகை, சவர்க்காரம் எதுவும் கூடாது. தண்ணீரில் நனைத்த கடற்பஞ்சு போதும்.

இனி அந்த ஹிட்லர் விடயம். 1914 நவம்பர் 11ஆம் திகதி ஜேர்மன் இராணுவத் தலைமை ஒரு செய்தியறிக்கை வெளியிட்டது. லாங்கமார்க்குக்கு மேற்கே இளம் படைப்பிரிவுகள் தேசப் பாடலைப் பாடிக்கொண்டே எதிரியின் முன்னரண்மேல் பாய்ந்து அதைப் பிடித்தன என்று அதில் இருந்தது. நாடு முழுவதும் பத்திரிகைகள் அதை முதல் பக்கத்தில் போட்டன. பாடிக்கொண்டே செத்த மாணவர்கள் என்று கதை வளர்ந்தது. இந்த இடத்துக்கே மாணவர் மயானம் என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் சண்டை நடந்தது பக்கத்தில் உள்ள பிக்ஸ்கோட்ட என்ற ஊர்ப்பக்கம். காதுக்கு ஜேர்மன் பெயர்போல ஒலிப்பது லாங்கமார்க் என்பதால் அறிக்கையில் அந்தப் பெயர் ஏறியது. அந்தப் படைகளில் மாணவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் தொழிலாளிகள், கடைக்காரர்கள், கமக்காரர்கள், குடும்பஸ்தர்கள். சரியான பயிற்சி கிடைக்கவில்லை. தேர்ந்த துப்பாக்கிக்காரர்களுக்கு முன்னால் திறந்த வெளியில் ஓடவிடப்பட்டார்கள். தளபதிகளின் தவறு பாட்டுச் சத்தத்தில் மறைந்துபோயிற்று.

1932 ஜூலையில் இந்த மயானம் முறைப்படி திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாசிகள் ஆட்சிக்கு வந்தார்கள். லாங்கமார்க் பிள்ளைகளைப் பாருங்கள், அவர்களைப் போல் சாகத் தயாராகுங்கள் என்று ஒரு தலைமுறை முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தார்கள். 1940 ஜூனில் பெல்ஜியத்தைப் பிடித்தவுடன் ஹிட்லரே இங்கே வந்து நின்றார். கம்பளிக் காலுறை கேட்டு எழுதிய கார்லின் பெயரால், அவனுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை அடுத்த போருக்கு அனுப்பினார்கள். ஓமாவின் அம்மா வழி மாமன்மார் இருவர் அந்தப் போரில் போனார்கள். “பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு லாங்கமார்க் கதை சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பெரியப்பாவும் அங்கேதான் என்று நான் கையை உயர்த்திச் சொன்னேன். வகுப்பே எனக்குக் கைதட்டியது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்” என்று ஓமா அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

மறுநாள் விலாட்ஸ்லோ. டிக்ஸ்முய்ட பக்கம், ஒரு காட்டோரத்தில் இருக்கிறது. பஸ்ஸை நம்பிப் போக வேண்டாம். பக்கத்தில் கடையும் இல்லை. சாப்பிட்டு, கழிவறைத் தேவைகளையும் முடித்துக்கொண்டு போங்கள். இலையுதிர்காலத்தில் தரை முழுவதும் ஓக் இலையும் காயும் விழுந்து வழுக்கும். நடைச்சட்டத்தோடு வருபவர்களுக்குப் புல்லில் சக்கரம் புதையும். நாங்கள் ஓமாவை இரண்டு பக்கமும் தாங்கித்தான் கூட்டிச்சென்றோம்.

அங்கே 25,000க்கும் மேற்பட்டோர். தரையில் பதித்த சதுரக் கற்கள், ஒவ்வொன்றிலும் இருபது பெயர்கள். அவற்றுக்கு முன்னால் இரண்டு கற்சிலைகள் முழந்தாளிட்டிருக்கின்றன. கேத்தே கொல்விட்ஸ் என்ற சிற்பியின் ‘துயருறும் பெற்றோர்’. அவருடைய இளைய மகன் பீட்டர் 1914இல் 18 வயதில் தானாகப் படையில் சேர்ந்தான். வயது குறைவு என்பதால் தகப்பனின் சம்மதம் வேண்டும். தகப்பன் மறுத்துவிட்டார். மகன் தாயைப் பார்த்தான். தாய் அவனுக்காகக் கணவனிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கிக்கொடுத்தார். போர்முனைக்குப் புறப்பட்டுப் பத்தே நாளில், டிக்ஸ்முய்ட அருகே பீட்டர் இறந்தான். அந்த ஆண்டே அவனுக்கு ஒரு நினைவுச்சிலை செய்யவேண்டும் என்று தாய் தொடங்கினார். செய்தார், கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். முதலில் மகனின் உருவமும் அதில் இருந்தது. பிறகு மகனை எடுத்துவிட்டு, பெற்றோரை மட்டும் வைத்தார். முடிக்க 1932 ஆகிவிட்டது. பதினெட்டு ஆண்டுகள், மகன் உயிரோடிருந்த அளவு காலம்.

தகப்பனின் முகம் அவருடைய கணவரின் முகம். நிமிர்ந்து முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். விட்டால் உடைந்துவிடுவார் போல. தாயின் முகம் சிற்பியின் சொந்த முகம். முன்னால் சரிந்து, தலை கவிழ்ந்து, போர்வைக்குள் ஒடுங்கியிருக்கிறார். இருவரும் தனித்தனிக் கல்லில். நடுவில் இடைவெளி. தகப்பனின் பார்வை விழும் கல்லில், இருபது பெயர்களில் ஒன்றாக, பீட்டர் கொல்விட்ஸ் என்று இருக்கிறது. சிலையும் மகனும் முதலில் வேறொரு சிறு மயானத்தில் இருந்தார்கள். 1956இல் இரண்டையும் சேர்த்தே இங்கே கொண்டுவந்தார்கள்.

அந்தத் தாயின் முன்னால்தான் நான் உடைந்தேன். தோளை அப்படிச் சரித்து, தலையை அப்படிக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த என் அம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

என் தம்பி பதினேழு வயதில் வீட்டைவிட்டு இயக்கத்துக்குப் போனான். இரண்டு ஆண்டில் இறந்தான். போராளிகளைப் புதைக்கும் துயிலுமில்லத்தில் விதைத்தார்கள், எங்கள் ஊரில் அந்தச் சொல்லைத்தான் பாவிப்போம். சமாதான காலத்தில், 2003இல், இங்கிருந்து போய் அம்மாவோடு அவன் கல்லைப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பால் கல்லைத் துடைத்தார், பிறகு அதே தலைப்பால் தன் முகத்தைத் துடைத்தார். போகுமுன் அவன் சாப்பிடக் கேட்ட இடியப்பத்தை அன்று அவிக்காமல் விட்டதைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத்தான் எப்போதும் சொல்வார். போர் முடிந்த பிறகு துயிலுமில்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. தம்பியின் கல் இப்போது இல்லை. அந்த நிலத்தில் எந்த இடம் என்றுகூட எனக்கு அடையாளம் காட்டத் தெரியாது. என்னிடம் இருப்பது 2003இல் எடுத்த ஒரு படம் மட்டும். அதிலும் வரிசை எண்ணையோ கல்லின் எண்ணையோ நான் குறித்துவைக்கவில்லை. கல் எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

இதற்காகத்தான் ஓமாவுக்கு உடனே சரி என்றேன். வேறு நாட்டு மண்ணில், தோற்றவர்களுக்கு, படையெடுத்து வந்தவர்களுக்கு, 105 ஆண்டுகளுக்குப் பிறகும் பெயர் இருக்கிறது. அந்த மண்ணின் சொந்தக்காரர்கள் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பெல்ஜியம் மன்னித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஈப்பர் நகரம் அந்தப் போரில் கல்லுக்குக் கல் தகர்ந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டது; அதை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் இறந்தவனின் தாய் வந்து நிற்க ஒரு இடம் வேண்டும் என்பதை ஒத்துக்கொண்டார்கள். அதை ஒத்துக்கொள்வதால் அவர்களுடைய நியாயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

லாங்கமார்க் எனக்கு இன்னொன்றையும் காட்டியது. நம்மவர்களுக்கு அது கசக்கும். கல்லறையை இடிப்பது இறந்தவனுக்குச் செய்யும் கொடுமை என்றால், அவன் பெயரைச் சொல்லி அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவதும் அவனுக்குச் செய்யும் கொடுமைதான். எங்கள் பக்கத்திலும் அது நடந்தது. மேடையில் என் தம்பியின் பெயரை வாசித்தபோது என் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். அதே மேடைக்குக் கீழே நின்ற பதினாறு வயதுப் பையன்களின் கண்களையும் பார்த்தேன். நானும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. கொல்விட்ஸ் மகனின் உருவத்தைச் சிலையிலிருந்து எடுத்துவிட்டதன் காரணம் எனக்கு விலாட்ஸ்லோவில்தான் விளங்கியது என்று நினைக்கிறேன். வீரனாக நிறுத்தி வைத்தால் யாரோ ஒருவர் வந்து அவனைப் பாவித்துவிடுவார்கள். முழந்தாளிட்டிருக்கும் தாயை வைத்து ஒருவனையும் போருக்கு அனுப்ப முடியாது. ஆனாலும் அந்தத் தாயின் மூத்த மகன் தன் பிள்ளைக்குப் பீட்டர் என்றே பெயர் வைத்தான். அந்தப் பேரனும் 1942இல் ரஷ்யப் போர்முனையில் இறந்தான்.

நான் அழுததை ஓமா பார்த்துவிட்டார். காருக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அதுவரை எனக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், மூன்றாவது தடவை ஏறக்குறையச் சரியாக வந்தது.

அன்று மாலை ஈப்பரில் மெனின் வாயிலுக்குப் போனோம். உடல் கிடைக்காத 54,000க்கும் மேற்பட்ட பிரித்தானியப் பேரரசுப் படையினரின் பெயர்கள் அதன் சுவர்களில் இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு ஊதுகுழல் வாசிப்பார்கள். 1928இலிருந்து நடக்கிற வழக்கம். கூட்டம் நெரியும், முக்கால் மணிநேரம் முன்பே போய் நின்றால்தான் ஏதாவது தெரியும். இந்தியப் படையினரின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. 1914 ஒக்டோபரில், கார்ல் இறந்த அதே நாட்களில், அவர்களையும் கப்பலில் கொண்டுவந்து இதே சேற்றில் இறக்கியிருந்தார்கள். அவர்களை விரிவாகப் பார்க்க எங்களுக்கு நேரம் போதவில்லை. அதற்கு இன்னொரு தடவை தனியாகப் போக வேண்டும்.

உங்கள் நகரில் உள்ள வயதான ஜேர்மன் அயலவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. கூட்டிக்கொண்டு போக முடியாவிட்டால், பதிவைத் தேடி, மயானத்தின் பெயரையும் கல்லின் எண்ணையும் அச்சிட்டுக் கையில் கொடுத்தாலே பெரிய விடயம். போகிறவர்கள் சிறிய பூங்கொத்தும் கண்ணாடிக் கூட்டில் வரும் சிவப்பு மெழுகுதிரியும் கொண்டுபோங்கள். காற்றுக்குச் சாதாரண மெழுகுதிரி நிற்காது. நவம்பர் நடுப்பகுதியில் ஜேர்மனியின் தேசியத் துக்க நாள் வரும். அதையொட்டி மயானங்களில் நிகழ்ச்சிகள் இருக்கும்; தனிமை வேண்டுமென்றால் அந்த வார இறுதியைத் தவிருங்கள். எந்தக் கல்லைப் பார்த்தாலும் மூன்று படம் எடுங்கள்: பெயர் தெரியக் கிட்டத்திலிருந்து ஒன்று, வரிசை தெரியச் சற்றுத் தள்ளி ஒன்று, பக்கத்தில் உள்ள மரமோ கட்டடமோ தெரியத் தூரத்திலிருந்து ஒன்று. எண்ணை எழுதி வையுங்கள். நம் ஊரில் சொந்தக்காரர்களின் கல்லறைகள் இன்னும் நிற்கின்றனவென்றால் அவற்றுக்கும் இதைச் செய்யுங்கள், அடுத்த லீவுக்குப் போகும்போதே.

பென்சிலால் தேய்த்து எடுத்த தாளை ஓமா கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாவீரர் நாளான நவம்பர் 27ஆம் திகதி மாலை நாங்கள் வீட்டில் தம்பிக்கு விளக்கேற்றும்போது, அந்த ஆண்டு அவரும் மேலே வந்து பக்கத்தில் நின்றார். அடுத்த ஆண்டு தொற்றுநோய்க் காலம். படிக்கட்டில் நின்றபடியே தலையை அசைத்துவிட்டுப் போனார். 2022இன் வசந்தத்தில் உறக்கத்திலேயே காலமானார்.

சில மாதங்கள் கழித்து மூனிச்சிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். தன் மகனையும் கூட்டிக்கொண்டு லாங்கமார்க் போகிறாராம். எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டார். குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தகட்டின் எண்ணைச் சொன்னேன். ‘சீ’ எழுத்தில் தொடங்கும் முன்பெயரைப் பார்க்கச் சொன்னேன். இலை வழுக்கும், அடி பிடிக்கும் சப்பாத்து போட்டுவரச் சொன்னேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள் என்றேன். பெயர் கீழ் வரிசையில் இருக்கிறது, குனிந்துதான் வாசிக்க வேண்டும் என்றேன்.